நம் அண்டை நாடாகிய இலங்கை

அடுத்த வீட்டாரைப் பற்றி ஒன்றும் அறியாமல் வாழ்வது அழகன்று. நாடுகளுக்கும் இது பொருந்தும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். இது நம் சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் தொலைவில் பாதி. இவ்வளவு அருகில் உள்ள நாட்டைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

நில அமைப்பு

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். எனவே தமிழ்நாட்டில் சரிபாதி அளவுள்ள தீவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1972 மே 22 வரை இந்நாடு 'சிலோன்' என்றே உலகில் வழங்கப்பட்டது.

தீவின் நடுவில் மலைகள், சுற்றிலும் சமவெளி. மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர். அதன் அடிவாரத்தில் உள்ள நுவரெலியா நகரம், நமது ஏற்காட்டைவிட உயரமான இடத்தில் இருக்கிறது. மலைநாட்டில் பிறக்கும் மகாவலி கங்கை 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்கு அருகில் கடலில் கலக்கிறது. இதுவே இலங்கையின் மிக நீளமான ஆறு.

மழையை இந்த மலைகளே பங்கிட்டுத் தருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, தென்மேற்குப் பகுதியில் பெரு மழையைக் கொட்டிவிடுகிறது. வடக்கும் கிழக்கும் நம்மைப் போலவே வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து நிற்கின்றன. அதனால்தான் பழங்கால அரசர்கள் அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பெரிய குளங்களை வெட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே பனைமரமும் கிணற்றுப் பாசனமுமே மக்களைக் காப்பாற்றி வருகின்றன.

மக்கள்

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பேர் சிங்களர், 11 பேர் இலங்கைத் தமிழர், 9 பேர் முஸ்லிம்கள், 4 பேர் இந்தியத் தமிழர். பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய நான்கு சமயங்களும் அங்கே தழைத்துள்ளன. மன்னார் மாவட்டத்திலுள்ள மடு மாதா திருத்தலத்திற்குச் சிங்களரும் தமிழரும் சேர்ந்தே திருயாத்திரை செல்கின்றனர்.

ஆயினும் இம்மக்கள் பட்ட துன்பம் பெரிது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. உயிர் தப்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் முகாம்கள் அமைக்கப்பட்டன. நம் சேலம் மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு அவற்றிற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது.

பொருளாதாரம்

தேயிலை, ரப்பர், தென்னை, இலவங்கப்பட்டை ஆகியவை இலங்கையின் புகழ்பெற்ற விளைபொருள்கள். இரத்தினபுரியில் மாணிக்கமும் நீலக்கல்லும் கிடைக்கின்றன. இன்று ஏற்றுமதியில் முதலிடம் பெறுவது ஆயத்த ஆடையே. வெளிநாடுகளில் வேலை செய்வோர் அனுப்பும் பணமும் சுற்றுலா வருமானமும் நாட்டைத் தாங்குகின்றன.

இங்கே ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து கிள்ளுவோர் பெரும்பாலும் பெண்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரும் பெரும்பாலும் பெண்களே. மேற்காசிய நாடுகளில் வீட்டு வேலை செய்து பணம் அனுப்புவோரும் பெண்கள்தாம். தறி ஓசை கேட்கும் அம்மாபேட்டையில் வாழும் நமக்கு, பெண்ணின் உழைப்பு எத்தகையது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊரிலிருந்து சென்றவர்கள்

மேலே சொன்ன இந்தியத் தமிழர் யார்? கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் வசமானது. பிறகு அவர்கள் மலைக்காடுகளை அழித்துக் காப்பித் தோட்டம் போட்டார்கள். அங்கே வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஏழை மக்களைக் 'கங்காணி' என்ற தலைவர்கள் அழைத்துச் சென்றார்கள். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு சேலம் மாவட்டத்திலிருந்தும் மிகப் பலர் சென்றனர். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டம் அது. 1876 முதல் 1878 வரை நம் பகுதியை வாட்டிய பெரும் பஞ்சமும் பலரை ஊரைவிட்டு விரட்டியது.

1869 முதல் இலைநோய் தாக்கிக் காப்பிச்செடிகள் அழிந்தன. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்கு அருகில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். எனவே காப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. செடி மாறியது, தொழிலாளர் குடியிருந்த 'லயன்' என்னும் வரிசை அறைகள் மாறவில்லை.

1947 தேர்தலில் இம்மக்களின் கட்சியிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். 1948இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர், வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூடச் செல்ல முடியவில்லை.

1964இல் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். தாய் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது. 55 ஆண்டுக் காலம் ஒரு மனிதர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்றால், அவர் பிள்ளைகள் எதை நம்பிப் படிப்பார்கள்!

அண்மைக் காலம்

2021இல் இரசாயன உரங்களுக்குத் திடீரெனத் தடை விதித்ததால் நெல்லும் தேயிலையும் குறைந்தன. ஏற்கனவே கடன் பெருகியிருந்தது. கொரோனா நோயால் சுற்றுலாவும் படுத்துவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். அப்போது தமிழ்நாடு அரசு அரிசி, பால்மாவு, மருந்து ஆகியவற்றைக் கப்பலில் அனுப்பியது. இனம் பாராமல் எல்லா மக்களுக்கும் அவை வழங்கப்பட்டன.

2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தே சென்றனர். அவர்களுடைய முன்னோர் நடந்த வழி அது. சொந்தமாக ஒரு வீடும் காணித்துண்டும் நல்ல கூலியும் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

அன்பார்ந்த தோழிகளே! நம் வீட்டுப் பெரியவர்களிடம் சிலோனுக்குச் சென்ற உறவினர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளிலாவது ஒரு பெயர் கிடைக்கும். அதை எழுதி வையுங்கள். புவியியல் புத்தகத்தில் படிக்கும் அந்தத் தீவு, அதன்பின் நமக்கு அயல்நாடாகத் தோன்றாது.