ஓரிடத்தில் மட்டும் எழும் வடிவம்
காற்று நீக்கிய கலத்தில் மெல்லிய படலமாகப் பரப்பிய வெண்கல மணிகளை மேலும் கீழுமாக அதிரச் செய்தபோது, ஏனைய பரப்பு சமமாகக் கிடக்க, ஓரிடம் மட்டும் குவியலாக எழுந்து, அடுத்த அதிர்வில் குழிந்து, மீண்டும் எழுந்து, இப்படியே மாறிமாறித் தொடர்ந்ததை இயற்பியலாளர்கள் அம்பன்ஹோவர், மெலோ, ஸ்வின்னி ஆகியோர் 1996இல் அறிவித்தனர். எங்கும் ஒரே விசை இருக்க, ஓரிடம் மட்டும் ஏன் விலகி நடக்கிறது?

இதற்கு விடை தேட உதவுவது, ஓர் அளவு இடத்தாலும் காலத்தாலும் மாறும் வீதங்களை இணைக்கும் வகைக்கெழுச் சமன்பாடு. வெப்பச் சலனத்துக்காக இயற்பியலாளர்கள் ஸ்விஃப்ட், ஹோஹன்பெர்க் இருவரும் 1977இல் எழுதிய அவ்வகைச் சமன்பாட்டின் சில வடிவங்களில், விசையைக் குறிக்கும் எண் ஒரு குறுகிய வரம்புக்குள் இருக்கையில், தட்டையான நிலையும் வரிவரியான நிலையும் ஒருங்கே நிலைப்புடையவை ஆகின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை வரிகளிலேயே சிக்கி நகராமல் நிற்பதால் சில வரிகள் மட்டும் கொண்ட தீவு உருவாகிறது. அந்த எண்ணுக்கு எதிராகத் தீவின் அகலத்தை வரைந்தால் கோடு பாம்புபோல் நெளிந்தேறி, ஒவ்வொரு முழு நெளிவிலும் இருபுறமும் ஒவ்வொரு வரியைச் சேர்க்கிறது. மணிக்குவியலை இச்சமன்பாடு அப்படியே விவரிப்பதில்லை. ஆயினும் இரு நிலைகளின் போட்டி என்ற அடிப்படை அங்கும் பொருந்துகிறது.