பெயரை யார் எழுதிப் போடுவது?

ஒவ்வொரு ஆண்டும் குடியரசு தினத்துக்கு முந்தின நாள் பத்ம விருதுப் பட்டியல் வெளியாகும். மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைப் புரட்டுகிறவர் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "நம்ம ஊர்ல இல்லாத ஆளா? அவங்களையெல்லாம் யாரு கண்டுக்கிறா!" அவர் மனசில் இருப்பவர் நமக்கும் தெரிந்தவர்தான். சம்பளமே வாங்காமல் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் ஓய்வுபெற்ற டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். அந்த டீச்சர் பெயர் பட்டியலில் ஏறுவதற்கு வழி என்ன? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில் குழு. ஒவ்வொரு ஆண்டும் பிரதமர் ஒரு தேர்வுக் குழுவை அமைக்கிறார். மத்திய அமைச்சரவைச் செயலாளர் அதற்குத் தலைவர். உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரின் செயலாளர், இவர்களோடு பல துறைகளில் பேர்பெற்ற நான்கு முதல் ஆறு பேர் உட்காருவார்கள். இவர்கள் தேர்ந்தெடுக்கும் பெயர்கள் பிரதமரிடமும் குடியரசுத் தலைவரிடமும் ஒப்புதலுக்குப் போகும். மறைந்தவர்கள், வெளிநாட்டில் வாழ்பவர்கள் நீங்கலாக, ஆண்டுக்கு 120 பேருக்கு மேல் கிடையாது.

நாம் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். அந்தக் குழு ஊர் ஊராகத் துருவி நல்லவர்களைத் தேடுகிறது, நம் டீச்சர் அதன் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறோம். குழுவின் மேஜைக்கு வந்து சேர்ந்த பெயர்களைத்தான் அது அலசுகிறது. ஜாதகத்தை வெளியே கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு வரனே வரவில்லை என்று அலுத்துக்கொள்கிற வீட்டைப் போலத்தான் நாமும் இருக்கிறோம்.

ஜாதகத்தைக் கொடுக்கிற வேலையை யார் செய்வது? முன்பெல்லாம் மாநில அரசுகள், அமைச்சகங்கள், ஏற்கெனவே பெரிய விருது வாங்கியவர்கள் என்று சிலர் அனுப்புவதுதான் வழக்கமாக இருந்தது. இப்போது ராஷ்டிரிய புரஸ்கார் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் நீங்களும் நானும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். கட்டணம் கிடையாது. தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் விதி அனுமதிக்கிறது. ஆனால் நம் டீச்சர் மாதிரி ஆட்கள் அதைச் செய்யவே மாட்டார்கள், அதனால் பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுதவேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டாக்டர்கள், விஞ்ஞானிகள் தவிர, பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கு இந்த விருது இல்லை. டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டதால் பிரச்சினை இல்லை.

எழுதுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அந்த இணையதளப் படிவத்தில், நாம் பரிந்துரைப்பவர் செய்த பணியை 800 சொற்களுக்குள் விவரித்து எழுதச் சொல்கிறார்கள். நம் கை உடனே மேடைப்பேச்சுக்குத் தாவும்: "தன்னலமற்ற தியாகச் செம்மல், அயராத உழைப்பின் சிகரம்." இதைப் படிக்கிறவருக்கு டீச்சரைப் பற்றி எதுவுமே தெரியாது. "வேலையை விட்ட மறுமாதத்திலிருந்து, தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுத் திண்ணையில் பாடம் எடுக்கிறார். முதலில் வந்தவர்கள் இரண்டு செங்கல் சூளைப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி இப்போது நர்ஸ்" என்று எழுதினால் ஆள் கண்முன்னே வந்து நிற்பார். எந்த ஆண்டு தொடங்கினார், எத்தனை பேர் படித்தார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் "அதெல்லாம் எதுக்குப்பா" என்பார். அங்கே படித்த பிள்ளைகளைப் பிடியுங்கள். அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

"என்ன எழுதினாலும் செல்வாக்கு உள்ளவருக்குத்தானே போகும்?" என்று அடுத்த பெஞ்சிலிருந்து கேட்பார்கள். சினிமாக்காரர்களும் அரசியல்வாதிகளும் பட்டியலில் இருப்பது உண்மைதான். எனக்கும் சில பெயர்களைப் பார்த்தால் புருவம் உயரும். ஆனால் களஞ்சியம் மகளிர் குழுக்களை வளர்த்த மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-இல். பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல். இவர்களும் அதே பட்டியலில் ஏறியவர்கள்தான்.

பத்மஸ்ரீயில்தான் தொடங்கவேண்டும் என்று இல்லை. டீச்சருக்கு அது நீண்ட தூரம். அவர் மாதிரி உழைக்கும் மற்றவர்களுக்கு மாநில விருதுகளும் உண்டு. தமிழக அரசே சமூகத் தொண்டு செய்யும் 15 முதல் 35 வயது வரையிலான இளைஞர்களுக்கு முதலமைச்சர் மாநில இளைஞர் விருதைச் சுதந்திர தினத்தில் தருகிறது. மத நல்லிணக்கத்துக்குப் பாடுபட்டவர்களுக்குக் கோட்டை அமீர் பதக்கம் குடியரசு தினத்தில். இவற்றுக்கும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால்தான் பரிசீலனை.

இன்னும் கிட்டத்தில் பார்த்தால், நம் ஊர் கிராம சபையே இருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினம். அன்றைய கூட்டத்தில் தூய்மைப் பணியாளர்களையும் நன்றாகச் செயல்பட்ட சுய உதவிக் குழுக்களையும் கௌரவிக்கிறார்கள். டீச்சரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு பக்கம் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க நமக்குத் தடை ஏதும் இல்லை. ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அன்று காலையில் போய் நின்றால், சால்வை வாங்கிவர ஆள் அனுப்பக்கூட நேரம் இருக்காது.