கண்ணுக்குள் ஒரு மொட்டு! பிரஷர்காரர்களே, உஷார்!

தேனி–

"ராத்திரி நல்லாத்தான் படுத்தேன். காலையில எந்திரிச்சா ஒரு கண்ணு மறைக்குது!"

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கம் வயதானவர்கள் இப்படிச் சொன்னால், "புரையா இருக்கும், திராட்சை வெட்டு முடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது.

புரை ஒரே ராத்திரியில் வருவதில்லை. திடீரென்று மறைத்தால் உள்ளே விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று, விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் வரும் புடைப்பு.

டியூப் மாதிரி!

சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் டியூப் மொட்டு விட்டு நிற்கும் அல்லவா? அதே கதைதான். வருஷக்கணக்கில் ரத்தக் கொதிப்பு இருந்தால் குழாயின் சுவர் இளைத்து, ஓர் இடத்தில் உருண்டு புடைக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வரும். அமெரிக்க டாக்டர் ராபர்ட்சன் 1973-ல் இதைத் தனி நோயாக எடுத்து எழுதினார்.

தானே மூடும்

ரொம்பவும் பயப்பட வேண்டாம். பல புடைப்புகள் உள்ளே ரத்தம் உறைந்து தாமாகவே மூடிக்கொள்கின்றன. அதனால்தான் டாக்டர் சில பேரைச் சும்மா பரிசோதித்து, "மறுபடி வாங்க" என்று அனுப்புகிறார். "மருந்தே தரலை" என்று கோபித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்!

பார்வையின் நடுப்பகுதியில் நீர் தேங்கினால் லேசர் சிகிச்சை உண்டு. கண்ணுக்குள் போடும் ஊசியும் உண்டு. விழித்திரைக்கு முன்னால் தேங்கிய ரத்தத்தை லேசரால் வழி திறந்து வடிப்பார்கள். நடுப்பகுதியின் பின்னால் தேங்கினால்தான் ஆபத்து அதிகம். தாமதித்தால் போன பார்வை முழுசாகத் திரும்பாது.

தேனியிலேயே பார்க்கலாம்

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1985-ல் தேனிக்கும் வந்துவிட்டது. 2006-ல் தேனி டாக்டர்கள், கம்பியில்லா இணைப்பு மூலம் 5 கிளை மையங்களில் உட்கார்ந்திருந்த நோயாளிகளைத் திரையிலேயே பார்த்துப் பேசினார்கள். எனவே முதல் பரிசோதனைக்கு நாள் கடத்தக் காரணமே இல்லை.

ஒரு கண்ணைப் பொத்துங்க!

கண்ணுக்கு என்ன வைத்தியம் செய்தாலும் பிரஷர் அடங்கியே ஆக வேண்டும். "தலைசுத்தல் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

ஒரு கண் மங்கினாலும் மறு கண் ஈடுகட்டிவிடும்; ஆளுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு கண்ணைப் பொத்தி போர்டைப் படியுங்கள். அடுத்து மறு கண். எழுத்து மறைந்தாலோ, வளைந்து தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்!