குன்றுச் சரிவில் ஒரு மூலதனம்

ஒரு தொழிலின் நிலையை அறிய நாம் இரண்டு ஏடுகளைப் பார்க்கிறோம். ஒன்று, அந்த ஆண்டின் வரவையும் செலவையும் காட்டும் இலாப நட்டக் கணக்கு. மற்றொன்று, அத்தொழிலிடம் உள்ள சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு. வேளாண்மையில் பெரும்பாலும் முதல் ஏடு மட்டுமே எழுதப்படுகிறது. உரத்திற்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மண் என்னும் சொத்து அந்த ஆண்டில் வளர்ந்ததா, தேய்ந்ததா என்ற கேள்வி எந்த ஏட்டிலும் இடம்பெறுவதில்லை.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்ட ஒருவர் பிரான்சு நாட்டில் இருக்கிறார். அவர் ஒரு முன்னாள் வங்கியாளர் என்பதால் நமக்கு அவர்மேல் கூடுதல் ஈர்ப்பு ஏற்படுவது இயல்பே. ஒயின் தயாரிக்கும் ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தைப் பற்றிய இக்கட்டுரையின் நோக்கம் மதுவைப் போற்றுவதன்று. ஒரு நிலத்தை எவ்வாறு பேணுவது, அதற்கு ஆகும் விலை என்ன என்பதை அறிந்துகொள்வதே.

எண்ணூறு ஆண்டுகளைக் கடந்த தோட்டம்

பிரான்சின் மேற்குப் பகுதியில் லுவார் ஆறு ஓடுகிறது. ஆஞ்சே நகருக்கு அருகே, ஆற்றின் வடகரையில் சவேனியேர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் குன்றின்மேல் அமைந்திருப்பது 'கூலே த செரான்' என்னும் திராட்சைத் தோட்டம். இதன் பரப்பு ஏறத்தாழ 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கர் அளவே. கி.பி. 1130இல் சிஸ்டெர்சியத் துறவிகள் இங்கு முதன்முதலாகத் திராட்சைக் கொடிகளை நட்டனர். அன்று முதல் இச்சரிவு திராட்சை நிலமாகவே இருந்து வருகிறது.

பலகைபோல் அடுக்கடுக்காகப் பிளவுபடும் சிஸ்ட் வகைப் பாறையின்மேல் அமைந்த மெல்லிய மண் இது. தென்திசை நோக்கிய சரிவு என்பதால் வெயில் நன்றாக விழுகிறது, மழைநீர் தேங்குவதில்லை. கொடிகளின் வேர்கள் பாறை இடுக்குகளின் வழியே ஆழமாக இறங்கி நீரைத் தேடிக்கொள்கின்றன. இங்கு விளைவது ஷெனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உணவுக்கலை எழுத்தாளர் கர்நோன்ஸ்கி, அந்நாட்டின் தலைசிறந்த ஐந்து வெள்ளை ஒயின்களுள் ஒன்றாக இத்தோட்டத்தின் ஒயினைக் குறிப்பிட்டார். பிரான்சின் புவிசார் பெயர்ச் சட்டத்தில் இத்தோட்டத்திற்கெனத் தனிப் பெயருரிமை உண்டு. ஒரே உரிமையாளரின் நிலம் மட்டுமே ஒரு பெயருரிமைப் பகுதியாக அமைவது அந்நாட்டிலும் அரிது.

ஒரு சிக்கனத்தின் விலை

1962இல் இத்தோட்டத்தை ஜோலி குடும்பத்தினர் வாங்கினர். அக்குடும்பத்தின் மகன் நிக்கோலா ஜோலி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயின்று, நியூயார்க்கிலும் லண்டனிலும் முதலீட்டு வங்கித் துறையில் பணியாற்றியவர். 1977இல் அப்பணியைத் துறந்து, தாயார் நடத்தி வந்த தோட்டத்தை ஏற்றுக்கொண்டார்.

வந்த சில காலத்திலேயே வேளாண் ஆலோசகர் ஒருவர் அவரைச் சந்தித்தார். தாயாரின் முறைகள் பழமையானவை என்றும், ஆட்களை வைத்துக் களையெடுப்பதை விடுத்துக் களைக்கொல்லி தெளித்தால் ஆண்டுதோறும் நல்லதொரு தொகை மிச்சமாகும் என்றும் அவர் எடுத்துரைத்தார். வங்கியில் பயின்ற மனத்திற்கு அக்கணக்கு சரியாகவே பட்டது. ஜோலி அதன்படியே செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் மண்ணின் நிறம் மாறியது, பூச்சியினங்கள் மறைந்தன, தோட்டத்தில் உலவிய கௌதாரிகளும் காணாமற்போயின. இதனை அவரே பின்னாளில் பலமுறை விவரித்திருக்கிறார்.

சமவெளியைக் காட்டிலும் சரிவு நிலத்தில் இந்தப் பாதிப்பு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புல்லும் பூண்டும் மூடியிருக்கும் வரை மழைத்துளியின் வேகம் தணிந்து நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. களைக்கொல்லியால் வெறுமையாக்கப்பட்ட சரிவில் அதே மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு கீழே ஓடுகிறது. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் தேவை. களையெடுப்புக் கூலியில் மிச்சப்பட்ட தொகை வரவு ஏட்டில் பதிவாகிறது. ஆற்றில் கலந்த மண் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. உண்மையில் அங்கு நடந்தது இலாபமன்று. மூலதனத்தை எடுத்துச் செலவிட்டதே ஆகும்.

இந்நிலையில் ருடால்ஃப் ஸ்டைனரின் வேளாண் சிந்தனைகளைப் பற்றிய நூல் ஒன்று ஜோலியின் கைக்குக் கிடைத்தது. 1980இல் தோட்டத்தின் ஒரு பகுதியில் சோதனையைத் தொடங்கிய அவர், 1984இல் தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் எனப்படும் உயிராற்றல் வேளாண்மைக்கு மாற்றினார்.

இயற்கை வேளாண்மையும் உயிராற்றல் வேளாண்மையும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். இயற்கை வேளாண்மை என்பது முதன்மையாக ஒரு விலக்குப் பட்டியல்: செயற்கை உரம் கூடாது, களைக்கொல்லி கூடாது, செடியின் சாற்றுக்குள் ஊடுருவும் செயற்கைப் பூஞ்சாணக்கொல்லி கூடாது. உயிராற்றல் வேளாண்மை இவ்விலக்குகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவற்றின்மேல் சில செய்முறைகளையும் சேர்க்கிறது.

1924ஆம் ஆண்டு சூன் மாதத்தில், இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் என்னும் ஊரில் ஸ்டைனர் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பண்ணையை ஒரே உயிராகக் காண வேண்டும். மாடு, பயிர், மண், மனிதர் ஆகிய அனைத்தும் அதன் உறுப்புகள். உரம் பண்ணைக்குள்ளேயே உருவாக வேண்டும் என்பது அவற்றின் சாரம். இம்முறைக்கான 'டிமீட்டர்' சான்று முத்திரை 1928இல் தோன்றியது.

செய்முறைகளுள் புகழ்பெற்றது கொம்புச் சாண உரம். பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பி, குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைத்து, வசந்தத்தில் எடுக்கின்றனர். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிராம் உரத்தை நீரில் இட்டு, வலமும் இடமுமாக மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கி, மண்ணில் தெளிக்கின்றனர். பொடித்த படிகக்கல்லைக் கொம்பில் நிரப்பிச் செய்யும் மற்றொரு கலவை இலைகளின்மேல் தெளிக்கப்படுகிறது. சீமைச்சாமந்தி, காஞ்சொறி, ஓக் மரப்பட்டை உள்ளிட்ட ஆறு தாவரப் பொருள்கள் மக்கும் உரத்தில் சேர்க்கப்படுகின்றன. நிலவின் நிலையைப் பார்த்து நாள் குறிக்கும் நாட்காட்டியும் உண்டு. பஞ்சாங்கம் பார்த்து விதைத்த நம் முன்னோர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

கூலே த செரானில் இவற்றோடு அன்றாட உழைப்பும் சேர்கிறது. டிராக்டர் ஏற முடியாத சரிவுகளைக் குதிரை பூட்டி உழுகின்றனர். மாடுகளும் ஆடுகளும் பண்ணையிலேயே வளர்க்கப்படுகின்றன. பழங்கள் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை என்பதால், அறுவடைக் காலத்தில் ஒரே வரிசையை நான்கைந்து முறை சுற்றிவந்து, பழுத்த குலைகளை மட்டும் கையால் கொய்கின்றனர். நுரைத்தலுக்கு விலைக்கு வாங்கிய ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் தோட்டத்திலும் வாழும் ஈஸ்ட்டே அப்பணியைச் செய்கிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆற்றல், அண்டத் தாக்கம் என்றெல்லாம் பேசும் ஒரு முறையை, கணக்கோடு பழகிய நாம் கேள்வியின்றி ஏற்க இயலாது. இது குறித்து நடந்த ஆய்வுகளுள் மூன்றைக் குறிப்பிடலாம்.

நியூசிலாந்தில் அருகருகே அமைந்த 16 பண்ணைகளை ஒப்பிட்ட ஆய்வு 1993இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உயிராற்றல் பண்ணைகளில் பெரும்பாலானவற்றின் மண் தரம் மேம்பட்டிருந்ததையும், ஹெக்டேர் அளவிலான வருவாயில் அவை மற்றப் பண்ணைகளுக்கு ஈடுகொடுத்ததையும் அது காட்டியது. சுவிட்சர்லாந்தில் 1978இல் தொடங்கி வயல் பயிர்களில் நடந்த நெடுநாள் ஆய்வின் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் அதே இதழில் வெளியாயின. அதன்படி உயிராற்றல் முறை உள்ளிட்ட இயற்கை முறைகளில் விளைச்சல் 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடு வரையும், பூச்சிக்கொல்லி 97 விழுக்காடும் குறைவாகவே தேவைப்பட்டன.

மூன்றாவது ஆய்வு கலிபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஆறு ஆண்டுகள் நடந்து, 2005இல் வெளியானது. இரு பகுதிகளும் இயற்கை முறையிலேயே பேணப்பட்டன. ஒன்றில் மட்டும் கொம்புச் சாணம் முதலிய கலவைகள் இடப்பட்டன. மண் தரத்தில் இரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவிற்கு வரலாம். மண்ணை வளப்படுத்துவது மக்கிய உரமும், மூடுபயிரும், நச்சுப் பொருள்களைத் தவிர்ப்பதுமே. கொம்புக் கலவையின் தனிப் பயன் ஐயத்திற்குரியது. எனினும் அதைச் செய்பவர் தம் நிலத்தை ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்க்கிறார் என்பதும் மறுக்க முடியாதது.

இயற்கை முறைக்கும் குறைகள் உண்டு. அடிச்சாம்பல் நோயைத் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையையே இம்முறையினரும் நம்பியுள்ளனர். அது இலையின் மேற்பரப்பில் மட்டுமே தங்குவதால் பலத்த மழைக்குப்பின் மீண்டும் தெளிக்க வேண்டும். அதிலுள்ள தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போய் மண்புழுக்களைப் பாதிக்கும். எனவே ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என வரம்பிட்டுள்ளது. இயற்கை முறை என்ற பெயரே மண்ணுக்குப் பாதுகாப்பாகிவிடாது.

வங்கியாளர் பார்வையில்

கூலே த செரானில் ஒரு ஹெக்டேருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 முதல் 25 ஹெக்டோலிட்டர் ஒயின். பிரான்சின் பல பகுதிகளில் இது 50ஐத் தாண்டுகிறது. பாதி விளைச்சலும் கூடுதல் கூலியும் கொண்ட ஒரு பண்ணை எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது? விளைந்த பழத்தை அவர்கள் எடைக்கு விற்பதில்லை. தாமே ஒயினாக்கி, வேறெவரும் பயன்படுத்த முடியாத பெயரில், தாமே விலை குறித்து விற்கின்றனர். மண்ணைப் பேணும் செலவு அவ்விலையின் வழியே திரும்ப வருகிறது.

நம் விவசாய வாடிக்கையாளர்கள் கருத வேண்டிய முதற்பாடம் இதுவே. இயற்கை முறைக்கு மாறிவிட்டு, வழக்கமான மண்டியில் வழக்கமான விலைக்கே விற்றால், விளைச்சல் குறைந்த இழப்பு முழுவதும் விவசாயியின் தலையில் விழும். பயிரிடும் முறையை மாற்றும் திட்டமும் விற்பனைத் திட்டமும் ஒரே நாளில் எழுதப்பட வேண்டும். தனிமனிதருக்குப் பெயருரிமை கிடைப்பது அரிது என்றாலும், ஓர் ஊருக்குக் கிடைக்கலாம். தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இதற்குச் சான்று. அப்பெயரை விலையாக மாற்றும் பணி உழவர் குழுக்களின் கையில் உள்ளது.

இரண்டாவது பாடம், மாற்றக்காலம். நம் நாட்டின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட விதிகளின்படி, பல்லாண்டுப் பயிர்கள் சான்று பெறப் பொதுவாக 36 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அம்மூன்று ஆண்டுகளிலும் செலவு இயற்கை முறைக்குரியது. கிடைக்கும் விலையோ சாதாரண விளைபொருளுக்குரியது. உள்நாட்டுச் சந்தை மட்டும் போதுமெனில், உழவர் குழுவினர் ஒருவரையொருவர் சரிபார்த்துச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறையில் செலவு குறைவு. எவ்வழியாயினும், நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்றாமல், ஜோலி செய்ததுபோல் ஒரு பகுதியில் தொடங்குவதே நன்று. கடன் கேட்கும்போது இம்மூன்றாண்டு வரவு செலவை ஆண்டுவாரியாக எழுதிக் கொண்டுவந்தால், தவணைகளை வருவாய்க்கேற்ப அமைப்பது குறித்துக் கிளையில் தெளிவாகப் பேச இயலும்.

மூன்றாவது, இடர்க் காப்பு. 2021 ஏப்ரலில் வீசிய கடும் உறைபனி, லுவார் உள்ளிட்ட பிரான்சின் பல பகுதிகளில் திராட்சைத் தளிர்களைக் கருக்கியது. எந்த வேளாண் முறையும் அதிலிருந்து விலக்குப் பெறவில்லை. பயிர்க் காப்பீடும், ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பும் இயற்கை விவசாயிக்கும் தேவை.

இரண்டாவது ஏடு

1990களில் நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் பிராக்டர் இந்தியாவெங்கும் பயணம் செய்து கொம்புச் சாண உரம் தயாரிக்கும் முறையைக் கற்பித்தார். கொடைக்கானல் மலைப்பகுதியிலும் அம்முறை வேரூன்றியது. நம்மில் சிலர் அதைப் பின்பற்றலாம். சிலர் மக்கிய உரத்தோடும் மூடுபயிரோடும் நின்றுவிடலாம். எதைச் செய்தாலும் பலனை அளந்து பார்ப்பதே முறை.

அதற்கான கருவி நம் கையிலேயே உள்ளது. 2015 முதல் மத்திய அரசு வழங்கிவரும் மண்வள அட்டை 12 அளவீடுகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று அங்ககக் கரிமம். உரப் பரிந்துரையைப் பார்த்துவிட்டு அட்டையை எறிந்துவிடுவோர் பலர். அதனைத் தேதியிட்டுப் பாதுகாத்து, அடுத்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கரிமம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். பாதியில் நின்றுபோன நம் வேளாண் கணக்கின் இரண்டாவது ஏடு அதுவே. பட்டா, சிட்டா, கடன் கணக்குப் புத்தகம் இருக்கும் அதே கோப்பில் அதற்கும் ஓர் இடம் கொடுப்போம்.