பார்சல் லாரியில் ஒரு என்ஜின்

நான்கு சிலிண்டர் டீசல் கார் என்ஜினை கியர்பாக்ஸ் இல்லாமல் நிறுத்தால் பெரும்பாலும் 150 கிலோவுக்கும் 200 கிலோவுக்கும் நடுவே நிற்கும். கூரியர் கடையில் இதை வாங்கமாட்டார்கள். தனி லாரி பிடித்தால் வாடகையும் என்ஜின் விலையும் போட்டி போடும். ஆனாலும் டில்லியின் மாயாபுரியிலிருந்தும், சென்னையில் கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையிலிருந்தும் பழைய என்ஜின்கள் வெளியூர்களுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. வயதுக் கணக்கில் கழிக்கப்பட்ட அந்த வண்டிகளில் என்ஜின் நன்றாக இருந்தவையும் உண்டு. கோவையில் ஒரு மெக்கானிக் டில்லிக்குப் போன் போடுவதில் நியாயம் இருக்கிறது.

அந்த என்ஜினைக் கொண்டுவந்து சேர்ப்பது பார்சல் சர்வீஸ். ஒரு லாரியின் இடத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. மாயாபுரியில் வாங்கிய என்ஜின் முதலில் பக்கத்துப் புக்கிங் ஆபீசில் இறங்கும். அங்கிருந்து சிறிய வண்டியில் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய குடோனுக்குப் போகும். தெற்கே போகிற சரக்கு ஒரு லாரிக்குச் சேரும்வரை அங்கேயே கிடக்கும். பிறகு நெடுந்தூர லாரி. நேர் லாரி இல்லையென்றால் நாக்பூரிலோ பெங்களூரிலோ இன்னொரு முறை இறங்கி ஏறும். கோவைக் குடோனில் இறங்கி, கிளை ஆபீசுக்குப் போய், கடைசியில் மெக்கானிக் ஷெட்டுக்கு வரும். வழி சுமார் 2,500 கிலோமீட்டர்தான். பயப்பட வேண்டியது தூரத்துக்கு அல்ல, இத்தனை ஏற்ற இறக்கத்துக்கு. என்ஜினைக் கட்டுகிறவர் லாரியின் குலுக்கலை மட்டும் நினைத்துக் கட்டினால் போதாது. அதைப் பார்த்தேயிராத நான்கு ஊர் லோடுமேன்களின் கைகளை நினைத்துக் கட்ட வேண்டும்.

வாடகையில் ஒரு விநோதம் இருக்கிறது. பார்சல்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 27,000-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும் (ஒரு அடியை 30 சென்டிமீட்டராக வைத்துக்கொண்ட வசதியான கணக்கு). ஒரு கன அடிக்கு 6, 8 அல்லது 10 கிலோ என்று கம்பெனிக்குத் தகுந்தபடி பெருக்குவார்கள். நிஜ எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே காசு. 90 × 60 × 75 அளவு மரக்கூட்டில் இருக்கும் 170 கிலோ என்ஜின் 15 கன அடி. பத்தால் பெருக்கினால் 150 கிலோ. நிஜ எடைதான் அதிகம், எனவே 170 கிலோவுக்கு வாடகை. இப்போது 180 × 60 × 45 அளவு அட்டைப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பம்பரை வையுங்கள். தூக்கினால் பத்து கிலோகூட இருக்காது. கணக்குப்படி 18 கன அடி, அதாவது 180 கிலோ! ஒரு கையால் தூக்குகிற பம்பர், நான்கு பேர் தூக்குகிற என்ஜினைவிட அதிகம் கொடுத்துவிட்டுப் பயணம் போகிறது. இரும்பு அடர்த்தியானது, லாரியில் இடத்தை வீணாக்காது. என்னைக் கேட்டால் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் போன்றவற்றை எத்தனை தூரத்திலிருந்தும் வாங்கலாம். பம்பர், பானெட், கதவு இவற்றை முடிந்தவரை உள்ளூரில் தேடுவதே புத்திசாலித்தனம்.

கட்டும் வேலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணெயை வடிப்பது. என்ஜின் ஆயில், கூலன்ட், டீசல் மூன்றும் வெளியேற வேண்டும். பார்சல் லாரியில் நம் என்ஜினுக்குப் பக்கத்தில் துணி பேல் இருக்கும், மருந்துப் பெட்டி இருக்கும். ஒரு லிட்டர் கறுப்பு எண்ணெய் கசிந்தால் பக்கத்துச் சரக்குக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வடித்த பிறகும் ஓரிரு நாள் சாய்த்து வைத்தால் இன்னும் கொஞ்சம் சொட்டும். பிறகு திறந்திருக்கும் வாய்களை எல்லாம் மூட வேண்டும்: காற்று உள்ளே போகும் வழி, புகை வெளியேறும் வழி, டர்போவின் இரு பக்கமும், டீசல் குழாய் முனைகள். இங்கே துணியைத் திணிப்பது கெட்ட பழக்கம். மாட்டுகிறவர் அதை எடுக்க மறந்துவிட்டால் துணி உள்ளே இழுபட்டுப் போகும். வெளியே தெரிகிற பிளாஸ்டிக் மூடியோ, அகலமான டேப்போ நல்லது.

அடுத்தது உட்காரும் இடம். என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் பல வண்டிகளில் மெல்லிய தகடு, சிலவற்றில் அலுமினிய வார்ப்பு. முழு எடையையும் அதன்மேல் வைத்தால் தகடு உள்ளே நசுங்கும், அலுமினியம் விரிசல் விடும். விரிசலாவது கண்ணுக்குத் தெரியும். நசுங்கல் விஷமமானது. சம்புக்குள் அடியை ஒட்டி ஆயில் உறிஞ்சும் வடிகட்டி இருக்கிறது. தகடு மேலே எழும்பி அதன் வாயை அடைத்தால், என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் பேரிங்குக்குப் போதிய எண்ணெய் போகாது. கொஞ்ச நாளில் கிராங்க் போய்விட்டால், விற்றவர் மோசம் செய்தார் என்றுதான் வாங்கியவர் நினைப்பார். அதனால் எடை, வண்டியில் என்ஜின் தாங்கி நின்ற அதே மவுண்டிங் இடங்களில் மரக்கட்டைகள்மேல் இறங்க வேண்டும்; சம்ப் அந்தரத்தில் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் இன்னொரு கவனம். முன்னால் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் போல்ட் இல்லாமல் தண்டில் செருகி நிற்பது. ஒரு கம்பியால் குறுக்கே கட்டாவிட்டால் வழியிலேயே நழுவி வெளியே வந்துவிடும்.

இனி நகராமல் பிடிப்பது. ஐரோப்பாவின் சரக்குக் கட்டு விதி, பிரேக் பிடிக்கும்போது எடையில் 80 சதவீத விசை முன்னோக்கியும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. நம் 170 கிலோ என்ஜினுக்கு முன்னால் 136 கிலோ, பக்கத்தில் 85 கிலோ. மேலிருந்து ஒரு கயிற்றைப் போட்டு இறுக்கினால் இதைத் தாங்காது. அடிக்கட்டையைச் சுற்றி நாலாபக்கமும் ரீப்பர் அடித்து, ராட்செட் பெல்ட்டால் என்ஜினை அந்த அடிக்கட்டையோடு இறுக்க வேண்டும். அடியில் பத்து சென்டிமீட்டராவது சந்து விட்டால் குடோனில் பேலட் டிரக்கின் முள் உள்ளே போகும். சந்து இல்லாத சரக்கை உருட்டத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுற்றி மரக்கூடு அடித்தால் சென்சார்களும் ஒயர் சாக்கெட்டுகளும் பிழைக்கும், மேலே இன்னொரு பெட்டியை அடுக்கினாலும் இன்ஜெக்டர் உடையாது. கடல் தாண்டிப் போகும் சரக்கென்றால் இந்த மரத்துக்கே தனி விதி: நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை குத்தியிருக்க வேண்டும். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகளைக் கொல்லத்தான் இந்தச் சூடு. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மரங்களைத் துளைத்த ஆசிய வண்டு, சரக்குப் பெட்டி மரத்தில் ஒளிந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

காகித வேலை சலிப்பூட்டுவது, ஆனால் பணம் அங்கேதான் போகிறது. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி மாநிலம் கடந்தால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் டில்லி–கோவைக்கு 13 நாள் செல்லும். புக்கிங் ஆபீசில் கொடுக்கும் எல்.ஆர். என்கிற லாரி ரசீதின் பின்புறத்தைப் படிப்பவர்கள் குறைவு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும், சரக்கு கெட்டால் பார்சல்காரரின் பொறுப்பைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. வாடகை 3,000 என்றால் உச்சம் 30,000. என்ஜின் 80,000 ரூபாய்க்கு வாங்கியதாக இருந்தால் மீதி நம் தலையில். புக் செய்யும்போதே முழு மதிப்பை எழுதி, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டியிருந்தால் கதை வேறு. வழக்குப் போடுவதாக இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

கோவையில் ‘டு பே’ வாடகையை, அதாவது சரக்கைப் பெறுகிறவர் கட்டும் வாடகையைக் கட்டி, ‘குட்டி யானை’ என்கிற சிறிய லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஷெட்டில் கிரேன் இருக்காது, செயின் பிளாக் இருக்கும். வண்டியை அதன் அடியில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, என்ஜினின் தூக்கு வளையங்களில் சங்கிலி மாட்டி நாலு விரற்கடை தூக்கிவிட்டு, வண்டியை முன்னால் எடுத்துவிடுவார்கள். ஆனால் மரக்கூட்டின் நிலையைக் கிளை ஆபீசிலேயே பார்த்திருக்க வேண்டும். கூடு உடைந்திருந்தாலோ எண்ணெய்க் கறை இருந்தாலோ, கையெழுத்துப் போடும் டெலிவரி நகலிலேயே அதை எழுதி போட்டோவும் எடுத்துவிட வேண்டும். ஷெட்டில் சங்கிலியில் தொங்கும்போது சம்பின் அடியை டார்ச் அடித்துப் பார்ப்பதும், பிளாக்கில் பொறித்த எண்ணை பில்லோடு ஒப்பிடுவதும் அடுத்த வேலை. என்ஜின் மாறினால் ஆர்.சி.யிலும் எண் மாற வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்கப்போவது அந்த பில்லைத்தான்; எண் போடாத துண்டுச் சீட்டோடு விற்கிற கடையில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது.