காகிதம் போலத் தோன்றுபவை

காலையில் பத்திரிகைக்கு இருக்கும் மதிப்பு மாலையில் இருப்பதில்லை என்பது அதை நடத்தும் நமக்கு நன்கு தெரிந்த விஷயம். ஆயினும் வாசித்து முடித்த பத்திரிகைக்கு இரண்டு கதிகள் உண்டு. பழைய காகித வியாபாரியின் தராசில் ஏறினால் அது மறுபடியும் காகிதமாகப் பிறக்கும். எண்ணெய்ப் பலகாரம் மடிக்கப் போனாலோ அன்றே அதன் ஆயுள் முடிந்தது. அச்சு மசி உடம்புக்கு ஆகாதென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2016-ல் எச்சரித்தார்கள். வடைக்கும் பத்திரிகைக்கும் உள்ள சிநேகம் அதனால் முறிந்ததாகத் தெரியவில்லை!

ஆலையில் நடப்பதை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். பழைய காகிதத்தை நீரிலிட்டுக் கடைந்து கூழாக்குகிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் கம்பியைச் சல்லடை பிடித்துவிடும். மசியைக் காற்றுக் குமிழிகள் நுரையோடு மேலே கொண்டுவந்துவிடும். எண்ணெய் மட்டும் நாரை விட்டு நீங்குவதில்லை. நல்ல காகிதத்தின் நாரும் ஒவ்வொரு தடவையும் குட்டையாகி, 5 முதல் 7 தடவைக்குள் ஓய்ந்துவிடும். எனவே, பத்திரிகை, கடித உறை, அட்டைப்பெட்டி இவை எல்லாம் உலர்ந்தும் சுத்தமாயும் இருந்தால்தான் பிரயோஜனம்.

காகிதம் போலத் தோன்றுபவையெல்லாம் காகிதமல்ல. தேநீர்க் கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. சாதாரண ஆலையில் அதைப் பிரிப்பது கஷ்டம். 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த தடையில் இத்தகைய கோப்பைகளும் அடங்கும். பழரசப் பெட்டியில் முக்கால் பங்கு காகிதம். மிச்சம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும். அதற்கென அமைந்த ஆலையே அதை ஏற்கும். கடைகளில் தரும் வழவழப்பான ரசீது, உஷ்ணம் பட்டால் எழுத்துத் தோன்றும் ரசாயனம் பூசியது. மற்றக் காகிதத்தோடு கலந்தால் அந்த ரசாயனம் புதுக் காகிதத்திலும் ஏறும். நியாய ஸ்தலத்தில் 70 வருஷத்துப் பத்திரங்களைப் புரட்டிப் பழகிய நமக்கு, சில மாதங்களில் வெளுத்துவிடும் இந்த ரசீது சாட்சியத்துக்கும் ஆகாது, ஆலைக்கும் ஆகாது என்றே படுகிறது.

கண்ணாடி, தகரம், அலுமினியம் ஆகியவற்றைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை தடவை உருக்கினாலும் அவற்றின் குணம் கெடாது.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. இந்திய ஆலைகள் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பழைய காகிதத்தைக் கப்பலில் தருவித்து வருகின்றன. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலையிலேயே, பழைய காகிதத்தின் மசியை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் இருக்கிறது. நம் வீட்டுக் காகிதமோ சாம்பார்ச் சாதத்தில் தோய்ந்து குப்பைமேட்டுக்குப் போகிறது. அந்நியர் கழித்ததற்குப் பணம் கொடுத்துவிட்டு, நம்முடையதை நாமே பாழாக்குகிறோம்.

ஈரக் குப்பையையும் உலர்ந்ததையும் வீட்டிலேயே பிரிக்கவேண்டுமென்று 2016-ம் வருஷத்து விதிகள் கூறின. பிரித்துக் கொடுத்தவர்களின் குப்பையைத் தெருமுனையில் ஒரே வண்டியில் கொட்டிக் கலப்பதை நாமே கண்டிருக்கிறோம். நகரசபைகள் முதலில் அந்த வண்டிக்கு ஒரு தடுப்புப் பலகை போடட்டும்.