ஒரு பவுணில் தொடங்கிய ஓட்டம்

மட்டக்களப்பு நகரில் விடியுமுன் புறப்பட்டு, கல்முனை வீதியால் தெற்கே ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தேற்றாத்தீவுக்கு வரும்போது ஏறக்குறைய கால்வாசி முடிந்திருக்கும். கல்முனையைத் தாண்டியதும் ஒரு முழு மரதன் தூரம், 42.195 கிலோமீற்றர், நிறைவாகும். அங்கேயும் நிற்கக்கூடாது. அக்கரைப்பற்றையும் திருக்கோவிலையும் விட்டு இன்னும் தெற்கே போகவேண்டும். தென்னாபிரிக்காவின் கொம்ரேட்ஸ் மரதன் என்பது அவ்வளவு தூரம்: கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர். எங்கள் வீதி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகச் சமதரையில் கிடக்கிறது. அவர்களுடைய பாதையின் உச்சியோ கடல்மட்டத்திலிருந்து 800 மீற்றரையும் தாண்டுகிறது. கண்டி நகரமே 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது.

இதைத் தொடங்கி வைத்தவர் விளையாட்டு வீரரல்லர். விக் கிளப்பம் என்ற ரயில் சாரதி, முதலாம் உலகப் போரில் தென்னாபிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து ஜேர்மன் கிழக்காபிரிக்காவில் போரிட்டவர். எதிரிப் படையைத் துரத்தி அவரும் தோழர்களும் நடந்த தூரம் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். உயிரோடு திரும்பியவருக்கு, திரும்பாதவர்களுக்காக எதையாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. அவர் கேட்டது கற்சிலையை அல்ல. பீற்றர்மரிற்ஸ்பேர்க் நகரிலிருந்து டேர்பன் வரை ஓர் ஓட்டம் வேண்டும் என்றார்.

போரிலிருந்து மீண்ட படைவீரர்களின் சங்கத்திடம் 1918இல் போய்க் கேட்டார். மனித உடல் இதைத் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். 1919இலும் 1920இலும் அதே பதில்தான். கிளப்பத்தின் வாதம் எளிமையானது. நேற்றுவரை நாற்காலியில் இருந்து வேலை செய்த ஒருவன், படையில் சேர்ந்த சில மாதங்களில் அத்தனை தூரம் நடந்தானே. பயிற்சி பெற்ற ஓட்டக்காரனால் இது ஏன் முடியாது? 1921இல் சங்கம் இறங்கி வந்தது. செலவுக்கு 1 பவுண் கொடுத்தது, அதுவும் திருப்பித் தரவேண்டிய பணமாக.

1921 மே 24ஆம் திகதி, 34 பேர் நகர மண்டபத்தின் முன்னால் நின்று புறப்பட்டார்கள். பாதையின் பெரும்பகுதி புழுதி வீதி. நேர எல்லை 12 மணித்தியாலம். ஓடி முடித்தவர்கள் 16 பேர். முதலாவதாக வந்த பில் ரோவனுக்கு எடுத்த நேரம் 8 மணி 59 நிமிடம்.

அடுத்த ஆண்டு திசையை மாற்றி, டேர்பனிலிருந்து மேல்நோக்கி ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் பில் பெயின் என்ற றகர் வீரர் றகர்ச் சப்பாத்தோடேயே இறங்கினார். வழியில் நின்று முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டார். பிறகு கோழிக்கறி, இடையிடையே பியர், தோடம்பழம், தேநீர். அப்படியும் எட்டாவதாக வந்தார்! கதையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. உடலியக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்த மனிதர் செய்ததில் நியாயம் இருந்தது தெரியும்.

ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீற்றர் ஓட்டிச் செல்ல ஏறக்குறைய ஒரு கிலோகலோரி வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்தப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேலே செலவாகும். உடனே எரிக்கக்கூடிய எரிபொருள் கிளைக்கோசன், அதாவது தசையிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைக்கும் மாச்சத்து. அதில் இருப்பதோ ஏறத்தாழ 2,000 கிலோகலோரிதான். மிச்சத்தை எங்கே எடுப்பது? ஒல்லியான மனிதரின் உடலிலும் ஐந்தாறு கிலோ கொழுப்பு இருக்கும், அதன் சக்தி ஐம்பதாயிரம் கிலோகலோரி அளவில். ஆனால் கொழுப்பு மெல்லத்தான் எரியும். அதே சக்தியைத் தர மாச்சத்தைவிட அதிக ஒட்சிசன் கேட்கும். ஆகவே நெடுந்தூரம் ஓடுபவர் கொழுப்பு எரியும் வேகத்துக்குள் ஓடப் பழகவேண்டும், அல்லது வழியில் மாச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டே போகவேண்டும்.

1922இல் வென்ற ஆதர் நியூட்டன் முதல் வழியைப் பிடித்தார். நாற்பதை நெருங்கிய விவசாயி. பயிற்சி தொடங்கி ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது. வேகத்தைத் தேடாமல் நாள்தோறும் நீண்ட தூரம் ஓடினார். ஐந்து முறை வென்றார். நெடுந்தூர ஓட்டக்காரர் இன்றும் செய்யும் பயிற்சியின் அடித்தளம் அதுவே.

ஏற்றமும் இறக்கமும் ஆண்டுக்காண்டு மாறி மாறி வரும் வழக்கம் அன்று தொடங்கியது. இறக்கம் சுகம் என்று நினைப்போம். மூச்சுக்குச் சுகந்தான், தொடைக்கு அல்ல. நெல் மூட்டையைத் தூக்குவதைவிட அதைப் பொத்தென்று போடாமல் மெல்ல இறக்கி வைப்பதில் கை நடுங்குமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. சரிவில் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை உடலைப் பிடித்து நிறுத்தச் சுருங்க முயல்கிறது. உடலின் பாரமோ அதை இழுத்து நீட்டுகிறது. இதை நீட்சிச் சுருக்கம் எனலாம். தசைநார்களில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழும், மறுநாள் படியிறங்க முடியாது. அதிசயம் என்னவென்றால், சில வாரங்களுக்கு முன் ஒரேயொரு முறை சரிவில் அளவாக ஓடியிருந்தாலே தசை தன்னைத் திருத்திக்கொள்ளும், அடுத்த முறை சேதம் வெகுவாகக் குறையும்.

இந்தப் பாதையின் வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் பக்கமும் உண்டு. 1860இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் வந்திறங்கிய துறைமுகம் இதே டேர்பன். 1893இல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிலையம் இதே பீற்றர்மரிற்ஸ்பேர்க். அந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் எந்த இனப் பெண்களுக்கும் அன்று இந்த ஓட்டத்தில் இடமிருக்கவில்லை. 1923இல் பிரான்சிஸ் ஹேவேர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை மறுத்தார்கள். அவர் இலக்கமின்றி ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். 1935இல் றொபேட் ம்ட்சாலி என்ற கறுப்பினத்தவரும் அப்படியே ஓடி முடித்தார். எல்லோருக்குமாகக் கதவு திறந்தது 1975இல்.

திறந்த கதவால் மருத்துவ அறிவும் வளர்ந்தது. 1981இல் ஒரு பெண் வழியில் நிலைகுலைந்தார். தண்ணீர் போதாமையால் அல்ல, அளவுக்கு மிஞ்சிக் குடித்ததால்! ரிம் நோக்ஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் இத்தகைய நிலையை 1985இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். நீண்ட ஓட்டத்தில் சிலருடைய மூளை நீரை வெளியேற்றாமல் தக்கவைக்கும் ஓமோனைச் சுரக்கும். அந்த நேரத்தில் மேலும் மேலும் குடித்தால் குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போகும். நீர் கலங்களுக்குள் புகுந்து மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமேது? தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள் என்று இன்று ஓட்டக்காரருக்குச் சொல்வதன் பின்னால் இந்த ஆராய்ச்சியும் இருக்கிறது.

2023இல் ரெற்ற டிஜானா 87.7 கிலோமீற்றர் இறக்கப் பாதையை 5 மணி 13 நிமிடம் 58 செக்கனில் ஓடி முடித்தார். கிலோமீற்றருக்கு மூன்றரை நிமிடத்துக்குச் சற்றே மேல். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வொலி ஹேவேர்டின் கணக்கு. 1930இல் 21 வயதில் வென்ற அவர், 1988இல் 79 வயதில் மீண்டும் வந்து ஓடினார். எடுத்த நேரம் 9 மணி 44 நிமிடம். 1921இன் வெற்றியாளரைவிட 45 நிமிடந்தான் கூட.